துணையில்லாத கோபுரம்

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளாமே! நான் இன்னும் ஒரு மாதம் இங்கே இங்கிலாந்தில், செம்ஸ்ஃபோர்டில், மகன் வீட்டில்தான் இருப்பேன்.

போன வாரம் பக்கத்தில் கிரேட் பேடோ என்ற ஊரில் ஓர் இரும்புக் கோபுரம் பார்த்தேன். 360 அடி. உடனே உன் நினைவுதான் வந்தது. ஆயுள் முழுக்க மின்கோபுரம் நிறுத்தியவன் நீ. ஆங்கிளும் போல்ட்டும் குறுக்குச் சட்டமும் உனக்குப் பழகியவை. ஆனால் இது மின்சாரத்துக்கானது அல்ல. எதிரி விமானங்கள் வருவதை முன்கூட்டியே அறிய பிரிட்டன் அமைத்த 'செயின் ஹோம்' என்ற ரேடார் நிலைய வரிசைக்காக 1937-இல் கேன்யூடன் என்ற ஊரில் கட்டியது. 1956-இல் மார்க்கோனி நிறுவனம் இங்கே கொண்டுவந்து நிறுத்தியது.

ரேடார் என்றால் நமக்குச் சுழலும் கிண்ணம்தானே ஞாபகம் வரும்? இதில் எதுவும் சுழலாது. கோபுரத்தின் பக்கவாட்டில் 50, 200, 350 அடி உயரங்களில் மேடைகள் வெளியே நீண்டிருக்கின்றன. ஒரு கோபுரத்து மேடையிலிருந்து அடுத்ததற்குக் கம்பிகளைத் திரைபோலத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தத் திரைதான் அலையை அனுப்பும் ஆன்டெனா. அலைநீளம் பத்து மீட்டருக்கும் மேல், அதனால்தான் இத்தனை உயரம். திரும்பி வரும் அலையைப் பிடிக்கத் தனியாக 240 அடிக் கோபுரங்கள் இருந்தன. அவை மரத்தால் ஆனவை, ராஜு! அருகில் இரும்பு இருந்தால் அந்த மெல்லிய அலையைக் கெடுத்துவிடும் என்பதால் மரம். அவற்றில் ஒன்றையாவது காப்பாற்றி வைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆறவே இல்லை.

1940 ஆகஸ்ட் 12 அன்று ஜெர்மானிய விமானங்கள் இந்த வரிசையில் சில நிலையங்களைக் குண்டு வீசித் தாக்கின. வென்ட்னர் நிலையம் தவிர மற்றவை சில மணி நேரத்தில் மறுபடி இயங்கின. நிலையக் கொட்டகைகளும் கருவிகளும் அடிபட்டாலும் கோபுரங்களைச் சாய்ப்பது கடினமாக இருந்தது. குண்டின் அதிர்வலை சட்டங்களுக்கு நடுவே புகுந்து போய்விடுமாம். காற்றுக்கு வழி விட்டால் கோபுரம் நிற்கும் என்று புயல் சமயத்தில் நீ சொல்வாயே, அதேதான்.

அந்த மேடைகளோடு பிரிட்டனில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். 2019-இல் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். வேலிக்கு வெளியே நின்று வெகுநேரம் பார்த்தேன். மேடை நீண்டிருக்கிறது, ஆனால் கம்பியைப் பிடித்துக்கொள்ள அந்தப் பக்கம் கோபுரம் இல்லை. மனசுக்கு என்னவோ போல் இருந்தது.

சரி, படங்கள் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு ஒன்று சொல்: இவ்வளவு பெரியதைப் பிரித்து இன்னோர் இடத்தில் ஏற்றுவதென்றால், நீயாக இருந்தால் எங்கிருந்து தொடங்குவாய்?

அன்புடன்,
சேகர்