பொருள்: பியோனி விளக்கில் நல்ல இதழ்களையும் கழற்றி மாற்றியது குறித்த புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் மாதம் என் பழைய மேசை விளக்கைத் தங்கள் பட்டறையில் கொடுத்தேன். வெண்கலத் தண்டு, பியோனிப் பூக்கள் நிறைந்த கண்ணாடி ஷேடு. இரண்டு இதழ்களில் மயிரிழை விரிசல், அவ்வளவுதான். கழற்றாமல் பசை வைத்து நிறுத்தினால் போதும் என்று ரசீதிலும் எழுதி வாங்கினேன்.

திரும்பி வந்த விளக்கில் 9 இதழ்கள் புதியவை. பகலில் எனக்கே தெரியவில்லை. மாலையில் பல்பைப் போட்டதும் தெரிந்துவிட்டது. பழைய இதழ் ஒவ்வொன்றும் அடியில் கருஞ்சிவப்பாகத் தொடங்கி நுனியில் வெளுக்கிறது. நீங்கள் வைத்தவை குங்குமத்தை அப்பியது போல ஒரே சிவப்பு.

இது சின்ன விஷயமில்லை. 1900-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் இந்த வகை விளக்குகளைச் செய்தவர்கள் இதழுக்குச் சாயம் தீட்டவில்லை. உருக்கும்போதே நிறங்கள் கலந்த கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து, எந்த இடத்தை வெட்டினால் இதழின் மடிப்பு கிடைக்கும் என்று தேடினார்கள். அங்கே டிஃபானி ஸ்டுடியோஸ் என்ற கண்ணாடிப் பட்டறையில் கிளாரா டிரிஸ்கால் தலைமையில் பெண்கள் பிரிவு செய்த வேலை அது. அங்கே செய்த, விஸ்டீரியா என்ற கொடிப்பூ வடிவ விளக்கில் ஏறத்தாழ 2,000 துண்டுகள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் மெல்லிய செப்புத் தகட்டைச் சுற்றி, அச்சின் மேல் அடுக்கிப் பற்றவைத்தார்கள். என் விளக்கில் முத்திரை கிடையாது. டிஃபானி என்று நான் சொல்லிக்கொண்டதும் இல்லை. ஆனால் நீங்கள் கழற்றிய 7 நல்ல இதழ்களையும் யாரோ அப்படித்தான் தேடி எடுத்திருக்கிறார்கள்.

அப்புறம், கேட்காமலேயே வெண்கலத்தைத் தேய்த்துப் பளபளக்க வைத்திருக்கிறீர்கள். அதிலிருந்த பழுப்பும் பச்சையும் அழுக்கில்லை, செய்தவர்களே வரவழைத்த நிறம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவது என் வீட்டிலும் உண்டு. இது குத்துவிளக்கு இல்லை. தொலைபேசியில் கேட்டதற்கு உங்கள் ஊழியர், "இப்போ புதுசு மாதிரி இருக்கே" என்றார். சரி, என் புகாரே அதுதான்.

கழற்றிய 9 துண்டுகளும், விரிசல் விட்ட இரண்டு உட்பட, எனக்குத் திரும்ப வேண்டும். தூக்கி எறிந்திருந்தால் அதை எழுத்தில் தெரிவியுங்கள். நான் கட்டிய 1,400 டாலரைத் திருப்பித் தருவதோடு, வேறு பட்டறையில் பழைய இதழ்களை மீண்டும் பதிக்கும் செலவையும் நீங்களே ஏற்க வேண்டும். கொடுக்கும் முன்பும் வாங்கிய பின்பும் விளக்கை ஏற்றி எடுத்த படங்களை இணைத்துள்ளேன். 14 நாட்களுக்குள் பதில் தேவை.

இப்படிக்கு,
விளக்கின் உரிமையாளர்