வஞ்சிரம் வறுவலும் ஒறுத்தலும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் தவக்காலத்தையொட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, கிறிஸ்தவத் தியாகத்தைக் கறி விடுவதோடு முடித்துக்கொண்டது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இந்த விஷயத்தில் கேட்பது மிகக் கொஞ்சம். திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி இரண்டு நாளும் நோன்பு. ஒரு வேளை முழுச் சாப்பாடு. மற்ற இரண்டு வேளையும் சேர்ந்தாலும் இன்னொரு முழுச் சாப்பாடு ஆகிவிடக் கூடாது. 18 வயது நிறைந்ததிலிருந்து 59 நிறையும் வரைதான் இந்தக் கடமை. புலால் தவிர்ப்பது 14 வயதிலிருந்து. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் பட்டினி கிடந்து பூசை நடுவில் மயங்கி விழ வேண்டியதில்லை. மீன் புலாலில் சேராது. ஆகவே வெள்ளிக்கிழமை வஞ்சிரம் வறுவலோடு உட்காரும் புதுச்சேரிக்காரர் சட்டத்தை மீறவில்லை. ஒறுத்தலும், அதாவது ஆசையை அடக்கும் தவமும், செய்யவில்லை, அது வேறு கதை.

மறைசாட்சியம், அதாவது விசுவாசத்துக்காகக் கொல்லப்படுவது, பற்றி நீங்கள் எழுதியதிலும் ஒரு பிழை. சாவைத் தேடிப் போவது அதில் சேராது. 2ஆம் நூற்றாண்டில் சிமிர்னா சபை, கொல்லப்பட்ட தன் ஆயர் பொலிகார்ப்பைப் பற்றி எழுதிய ‘பொலிகார்ப்பின் சாட்சியம்’ என்ற மடலிலேயே குவிந்துஸ் என்பவர் வருகிறார். தானாகப் போய்ச் சரணடைந்தவர், காட்டு மிருகங்களைக் கண்டதும் மிரண்டு விசுவாசத்தை மறுத்துவிட்டார். இப்படிப் போகிறவர்களை நாங்கள் பாராட்டுவதில்லை என்று அந்தச் சபையார் வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள்.

போலந்துக் குருவான மாக்சிமிலியன் கோல்பே விஷயம் சிக்கலானது. 1941 ஜூலை இறுதியில், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் ஒரு கைதி தப்பியதற்காகப் 10 பேரைப் பட்டினிச் சாவுக்குப் பொறுக்கினார்கள். அதில் காயோவ்னிச்செக் என்ற குடும்பஸ்தருக்குப் பதிலாகக் கோல்பே முன்வந்தார். இரண்டு வாரம் தாங்கியவரை ஆகஸ்ட் 14 அன்று ஊசி போட்டுக் கொன்றார்கள். அவரைக் கொன்றது விசுவாசத்தின் மீதான வெறுப்பா என்ற கேள்வி எழுந்ததால், 1971இல் அருளாளராக்கியபோது (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) மறைசாட்சி என்று அறிவிக்கவில்லை. 1982இல் புனிதராக்கியபோதுதான் அறிவித்தார்கள். காயோவ்னிச்செக்கும் அங்கே இருந்தார். பிறருக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்கென்று புனிதர் பட்டத்துக்கு 2017இல் போப் பிரான்சிஸ் தனி வழியே வகுத்தார். தானாக விரும்பிக் கொடுத்திருக்க வேண்டும், அன்பினால் கொடுத்திருக்க வேண்டும், சாவு நிச்சயமாகவும் சீக்கிரமாகவும் வருவதாக இருக்க வேண்டும். மறைசாட்சி அருளாளராகப் புதுமை, அதாவது அற்புதம், தேவையில்லை. இவர்களுக்கு ஒன்று வேண்டும்.

இவ்வளவு தூரம் போகாமலே தியாகத்துக்கு நம்மூரில் ஓர் உதாரணம் உண்டு. புதுச்சேரியின் பெரிய மாதா கோவிலான சம்பாக் கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1745இல் அவர்கள் திரண்டு போய்ப் பெரிய சாமியாரிடம், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, இந்தச் சுவர் எதற்கு என்று கேட்டார்கள். அவர் இடிக்கச் சொன்னார். மற்ற சாதிக்காரர்கள் தகராறு செய்தார்கள். பிரெஞ்சுப் புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். சாமியாரின் துணிச்சலைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கென்னவோ, கேட்கப் போனவர்களுடையதுதான் பெரிதாகப் படுகிறது. கோவிலுக்கு வெளியே அவர்கள் அதே ஊரில், அதே சாதிக்காரர்களிடம்தான் வேலை செய்து பிழைக்க வேண்டியிருந்தது.

தமிழகத்தில் சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் சாதிப் பிரிவு இன்னும் இருக்கிறது. 40 நாளும் கறி விடுகிறவர், கோவில் நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்லும் பங்குப் பேரவையில் எழுந்து அதைப் பற்றி ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும். அடுத்த தேர்தலில் அவருக்கு நாற்காலி போகலாம். மகளுக்கு வரும் வரன் குறையலாம். அடுத்த தவக்காலக் கட்டுரையில் இந்தக் கணக்கையும் எழுதுங்கள்.

— ஒரு வாசகர்,
நெல்லித்தோப்பு, புதுச்சேரி