இரண்டாவது போட்டோகிராபர்: ஸ்டுடியோ உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்டுடியோ நடத்துகிறவர்களுக்கும் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர்களுக்கும் வணக்கம்.

வாடிக்கையாளர் பேரம் பேசத் தொடங்கியதும் கொட்டேஷனில் முதலில் அடிபடுகிற வரி எது என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆல்பத்தின் அட்டையைக் குறைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. அதற்குள் போக வேண்டிய படத்தை எடுக்கிற இரண்டாவது போட்டோகிராபரைக் குறைத்துவிடுகிறார்கள். வெட்டாமல் விட்ட இடங்களிலும், கேமரா வைத்திருக்கும் யாரையோ அன்று காலையில் கூப்பிட்டு, "நீயும் எடு" என்று நிறுத்திவிடுவது நடக்கிறது. இந்த இரண்டு பழக்கமும் மாற வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறோம்.

மணமகளும் மணமகனும் ஒரே நேரத்தில் வெவ்வேறு அறைகளில் தயாராகிறார்கள். எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் ஒருவர் ஓர் அறையில்தான் இருக்க முடியும். சடங்கின் உச்சமான கணம் இரண்டு மூன்று வினாடிகளில் முடிந்துவிடும். அகலமான காட்சிக்கான 24-70 லென்ஸோடு முன்னால் நிற்பவர் அப்போது மணமக்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. முதல் வரிசையில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வது அவருடைய முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. பக்கவாட்டில், தூரத்து முகத்தை நெருக்கமாகக் காட்டும் 70-200 லென்ஸோடு இன்னொருவர் நின்றிருந்தால் மட்டுமே அந்த முகம் ஆல்பத்துக்கு வரும். குரூப் போட்டோவும் அப்படித்தான். 20 குழு, ஒன்றுக்கு இரண்டரை நிமிடம் என்றால் 50 நிமிடம். அந்த நேரம் முழுக்க மண்டபத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் விருந்தினர்களை யாரும் எடுப்பதில்லை. இதெல்லாம் போக, ஒருவருடைய கேமராவோ கார்டோ நடுவில் கைவிட்டால், நிகழ்ச்சி முழுவதும் தொலைந்துபோகாமல் காப்பது அந்த இரண்டாவது கேமராதான்.

ஆனால் இரண்டு பேரை அனுப்பிவிட்டால் மட்டும் இந்தப் பலன் கிடைத்துவிடாது. இருவரும் தோளோடு தோள் நின்று எடுத்தால் ஒரே படம் இரண்டு முறை கிடைக்கும், அவ்வளவுதான். எதிரெதிரே நின்றால் ஒருவர் படத்தில் இன்னொருவர் விழுந்துகொண்டே இருப்பார். மேடையின் ஒரு மூலையை வைத்து ஆங்கில 'L' எழுத்தின் இரண்டு கோடுகளைப்போல, ஒருவர் முன்னாலும் ஒருவர் பக்கத்திலுமாகச் செங்கோணத்தில் நிற்பதே நல்லது. முன்னால் நிற்பவர் அகலமாக எடுக்கட்டும், பக்கத்தில் நிற்பவர் முகங்களை எடுக்கட்டும். யாருக்கு எந்த லென்ஸ் என்பது முந்தின நாளே முடிவாகியிருக்க வேண்டும்.

தள்ளி வைத்த ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கம்பியில்லாமல் இயக்கும் ஃபிளாஷ் ட்ரிகரின் சேனலையும் அப்போதே பிரித்துவிடுங்கள். ஒரே மாதிரி ட்ரிகரை இருவரும் ஒரே சேனலில் வைத்திருந்தால், இரண்டாமவர் அழுத்தும்போது முதலாமவர் ஸ்டாண்டில் வைத்த ஃபிளாஷ் மின்னும். அது திரும்ப சார்ஜ் ஆவதற்குள் முதலாமவர் எடுக்கிற படம் இருட்டாக விழும். கோளாறு எங்கே என்று புரியாமல் அவர் பேட்டரியை மாற்றிக்கொண்டிருப்பார். விளக்கின் நிறத்துக்கேற்ப படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸையும் ஆட்டோவில் விடாமல், ஒரே விளக்கின் கீழ் இருவரும் ஒரே கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண்) அளவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெவ்வேறு கம்பெனி கேமராக்களில் தோல் நிறம் எப்படியும் கொஞ்சம் வேறுபடும். ஆனால் படத்துக்குப் படம் மாறாமல் சீராக வேறுபட்டால் எடிட்டிங்கில் மொத்தமாகச் சரிசெய்துவிடலாம்.

அதிகம் அடிபடுவது கேமராவின் கடிகாரத்தில். இரண்டு கேமராவின் நேரத்துக்கும் 40 வினாடி வித்தியாசம் இருந்தாலே போதும், எடுத்த நேரப்படி அடுக்கும்போது அம்மாவின் கண்ணீர் முதலில் வரும், அழவைத்த கணம் பின்னால் வரும். சரியாக ஒரு மணி நேரம் விலகியிருந்தால் நேர மண்டல அமைப்பில் தவறு என்று புரிந்துகொள்ளலாம். தொடங்குவதற்கு முன் இருவரும், வினாடி ஓடுகிற ஒரே செல்போன் கடிகாரத்தை ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. அந்த இரண்டு படத்தையும் பார்த்து வித்தியாசத்தைக் கணக்கிட்டு, லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் இரண்டாமவர் படங்கள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, எடுத்த நேரத்தை ஒரே முறையில் நகர்த்திவிடலாம். இதைச் செய்யாமல் விட்டு, கண்ணால் பார்த்து அடுக்க உட்கார்ந்தால் ஒரு நாள் போய்விடும்.

கோப்புப் பெயரில் வரும் ஆபத்து இன்னும் பெரியது. பல கேமராக்களில் பெயருக்குப் பின்னால் வரும் எண் நான்கு இலக்கம்தான். 9999-க்குப் பிறகு மறுபடி 0001. ஒரே கம்பெனியின் இரண்டு கேமராக்கள் என்றால் ஒரே பெயரில் இரண்டு படம் வருவது சகஜம். இருவருடைய கார்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, கணினி கேட்கும் கேள்விக்கு அவசரத்தில் "மாற்று" என்று அழுத்தினால், ஒருவர் படத்தின் மேல் இன்னொருவர் படம் எழுதப்பட்டுவிடும். பெயரின் முன்னெழுத்தைக் கேமராவிலேயே மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஆளுக்கொரு ஃபோல்டரில் இறக்குங்கள். இரண்டு இடத்தில் நகல் எடுத்து, திறந்து பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும்.

வேலை கூடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இரண்டாமவர் 3,000 படம் கொண்டுவந்தால், படத்துக்கு 3 வினாடி என்று பார்த்தாலும் பொறுக்கி எடுக்க இரண்டரை மணி நேரம் கூடுதலாக வேண்டும். அந்த நேரத்துக்கும் சேர்த்தே கட்டணம் போடுங்கள். ஒரே அறையில் முப்பது பேர் கூடுகிற சிறிய நிகழ்ச்சிக்கு இரண்டாவது ஆள் தேவையில்லை. அங்கே இன்னொரு கேமரா விருந்தினர்களுக்குத் தொந்தரவுதான். அதை வாடிக்கையாளரிடம் நீங்களே சொல்லிவிட்டால், தேவைப்படுகிற இடத்தில் நீங்கள் சொல்வதை அவர் நம்புவார்.

கடைசியாக, இரண்டாவது போட்டோகிராபரோடு ஒரு பக்க அளவிலாவது ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம், படங்கள் யாருக்குச் சொந்தம், அவர் தன் சமூக ஊடகப் பக்கத்தில் வெளியிடலாமா, எப்போதிலிருந்து, கார்டை அன்றிரவே கொடுக்க வேண்டுமா, பணம் எந்தத் தேதியில் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். நிகழ்ச்சி நிரலும், கட்டாயம் எடுக்க வேண்டிய உறவினர்களின் பட்டியலும் இரண்டு நாளுக்கு முன்னால் அவர் கைக்குப் போகட்டும். தாத்தா யார், பாட்டி யார் என்று தெரியாமல் நிற்பவரிடமிருந்து தாத்தா பாட்டி படத்தை எப்படி எதிர்பார்ப்பது?

இப்படிக்கு,
படம் எடுப்பதையும் எடுத்ததைத் தொகுப்பதையும் தொழிலாகக் கொண்டவர்கள்