பொம்மையின் முதுகையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஆங்கிலேயப் பீங்கான் பொம்மைகளைச் சேர்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலாகப் படித்தேன். நாயைக் கட்டிக்கொண்டு நிற்கும் குழந்தை, ஸ்பானியல் நாய் ஜோடி என்று படங்கள் எல்லாம் அருமை. ஆனால் கட்டுரை முழுக்க விலைதான். இவற்றைச் செய்தது யார் என்று ஒரு வரிகூட இல்லையே!

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் 19-ஆம் நூற்றாண்டில் செய்தவை இவை. விக்டோரியா ராணி சின்ன வயதில் டாஷ் என்ற ஸ்பானியலைச் செல்லமாக வளர்த்தவர். அப்புறம் ராணி வீட்டுப் பிள்ளைகளும் நாய்களுமாகப் பொம்மைகள் வந்து குவிந்தன. அதே ஊர்ப் பட்டறைகளில் ஈரக் களிமண் அச்சுகளைச் சுமந்துகொண்டு அவற்றை உலர்த்தும் சூட்டறைக்கு ஓடியவர்கள் சின்னப் பிள்ளைகள். வண்ணம் தீட்டவும் பிள்ளைகள் இருந்தார்கள். துணி ஆலைப் பிள்ளைகளுக்கு 1833-இலேயே பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. மண்பாண்டத் தொழிலுக்கு 1864-இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் எட்டு வயது நிரம்பினால் அரைநாள் வேலைக்கு அனுப்பலாம் என்றே இருந்தது. தென்னாப்பிரிக்கக் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழியில் பிறந்த நாம் இதைச் சொல்லாமல் விடலாமா?

என்னிடம் இருப்பது ஒரே ஒரு நாய். பாட்டி டர்பனில் ஒரு வெள்ளைக்கார வீட்டில் வேலை பார்த்தபோது, ஜோடி உடைந்துவிட்டது என்று கொடுத்தார்களாம். முன்பக்கம் மூக்கு, கழுத்துப்பட்டை, அதில் தொங்கும் குட்டிப் பூட்டு என்று அவ்வளவு நுணுக்கம். திருப்பினால் வெறும் வெள்ளை. சுவரோரம் வைக்கிற பொம்மைக்குப் பின்னால் எதற்கு வண்ணம் என்று விட்டுவிட்டார்கள். சூளையில் சுடும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற, தீக்குச்சி நுழையும் அளவில் ஒரு துளை மட்டும் உண்டு.

வாங்க நினைப்பவர்கள் அந்தத் துளையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். களிமண் கரைசலை ஊற்றி வார்த்த பிற்கால நகல்களில் அடித்துளை பெரும்பாலும் விரல் போகும் அளவுக்கு இருக்கும். மெருகில் தெரியும் மயிரிழை வெடிப்புகளை மட்டும் நம்பிவிடாதீர்கள். சாயம் ஏற்றி அதையும் பழசாக்கிவிடுகிறார்கள்.

இன்னொன்று. பெரியவர்கள் காலமானதும் ஆளுக்கு ஒரு நாய் என்று ஜோடியைப் பங்கு போடாதீர்கள். இடப்பக்கம் பார்ப்பதும் வலப்பக்கம் பார்ப்பதும் சேர்ந்திருக்கவே செய்தவை.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது பொம்மையின் முதுகையும் அடியையும் சேர்த்துப் படம் போடுங்கள். கூடவே, அந்தப் பட்டறைப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன்