விருது மேடையில் வீட்டாருக்கும் ஒரு வேலை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதிலிருந்து என் ஞாயிற்றுக்கிழமைகள் முழுக்கச் சாரணர் படைக்கே போகின்றன என்று வீட்டில் முணுமுணுப்பு. அதில் நியாயம் இருக்கிறது, என்ன செய்ய!

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் படைப் பிள்ளைகளின் விருது விழாவில் வீட்டாரை எப்படிச் சேர்ப்பது? நாம் பையன்களாக இருந்தபோது எப்படி நடந்தது, நினைத்துப் பார். பெரிய மனிதர்கள் மேடையில், அப்பா அம்மா பின்வரிசையில், முடிவில் "பெற்றோர்களுக்கும் நன்றி" என்று ஒரு வரி. முகாமுக்கு மூட்டை கட்டிக் கொடுத்து, சேறு படிந்த சீருடையைத் துவைத்துப் போட்டவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். நீ நன்றியுரையைச் சுருக்கிவிட்டு அவர்கள் கையில் ஒரு வேலையைக் கொடு.

இது ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. 1907-இல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே, வந்திருந்த இருபது சொச்சம் பையன்களோடு அவருடைய அண்ணன் மகனும் இருந்தான். ஒன்பது வயதுப் பொடியன். பிறகு பெண்பிள்ளைகளுக்கான சாரணியர் இயக்கம் தொடங்கியபோது அதைப் பார்த்துக்கொண்டது தங்கை ஆக்னஸ். மனைவி ஓலேவ் 1930-இல் உலகச் சாரணியர் தலைவியே ஆனார். முதலிலிருந்தே வீட்டு ஆட்களை உள்ளே இழுத்துவிட்ட மனிதர்!

பேட்ஜைக் குத்துவதைச் சிறப்பு விருந்தினருக்குக் கொடுக்காதே. அவருக்குச் சான்றிதழ் போதும். பேட்ஜ் வீட்டாருக்கு. ஆனால் ஒத்திகை பார்த்துவிடு. மேடையில் விரல் நடுங்கும், ஊசி பையனின் நெஞ்சில் ஏறும். சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டுத் துணியைத் தூக்கிப் பிடித்துக் குத்தச் சொல்.

திரும்ப அந்தப் பிள்ளை செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் சாரணரின் மிக உயர்ந்த விருதான ஈகிள் ஸ்கவுட் வாங்குகிறவர்கள், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வழிகாட்டியவருக்கும் தங்கள் கையாலேயே ஒரு சின்ன ஊசிச் சின்னம் குத்திவிடும் வழக்கம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பதினேழு வயதுப் பையன் அம்மாவிடம் வாய்விட்டு நன்றி சொல்லமாட்டான். கையில் ஒன்றைக் கொடுத்தால் செய்துவிடுவான். உங்களிடம் அப்படிச் சின்னம் இல்லாவிட்டால் படையின் ஸ்கார்ஃபையே கழுத்தில் போட்டுவிடட்டும்.

தம்பி தங்கைகளை மறந்துவிடாதே. அண்ணனுடைய முகாமுக்காகத் தங்கள் பிறந்தநாளைத் தள்ளிப்போட்ட கூட்டம் அது. ஸ்கார்ஃபைச் சுருட்ட ஒரு முனையை யாராவது இழுத்துப் பிடிக்க வேண்டுமே, அதைத் தங்கையிடம் கொடு. தாத்தா பாட்டி வந்தால் சாரணர் உறுதிமொழியின் மூன்று பகுதிக்கும் மூன்று விளக்கு வைத்து அவர்களை ஏற்றச் சொல். கூடவே நம் சாரணர் வழக்கப்படி இடக்கையால் கைகுலுக்கவும் சொல்லிக்கொடுத்துவிடு. தாத்தாக்கள் வலக்கையை நீட்டுவார்கள், பையன் இடக்கையை நீட்டுவான், கூட்டம் சிரிக்கும். சிரித்தாலும் பரவாயில்லை.

இப்போது நான் அதிகம் யோசித்த இடம். "தாயும் தந்தையும் மேடைக்கு வரவும்" என்று ஒலிபெருக்கியில் சொல்லாதே. ஒரு விழாவில் அப்படி அழைத்தார்கள். அப்பா இல்லாத ஒரு பையன் அம்மாவோடு ஏறினான், அறிவித்தவர் "அப்பா வரவில்லையா?" என்று வேறு கேட்டார். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேடன் பவலுக்கே மூன்று வயதில் அப்பா போய்விட்டார், அம்மாதான் வளர்த்தார். ஆகவே விழாவுக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "உன்னோடு யார் நிற்க வேண்டும்?" என்று மட்டும் கேள். அத்தை, மாமா, அக்கா, பக்கத்து வீட்டு ஆச்சி, யாராக இருந்தாலும் சரி. அவன் சொல்லும் பெயரை அப்படியே அறிவி, உறவுமுறை வேண்டாம். பிரிந்து வாழும் பெற்றோர் என்றால் இருவருக்கும் வெவ்வேறு வேலை கொடு. ஒருவர் பேட்ஜ் குத்தட்டும், மற்றவர் ஸ்கார்ஃப் போடட்டும். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் கட்டாயம் இருக்காது. யாரும் வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால் கட்டாயப்படுத்தாதே; அவனுடைய அணித்தலைவன் கூட நிற்கட்டும்.

பேச ஆசைப்படும் அப்பாக்களும் இருப்பார்கள். மைக்கைக் கொடுத்தால் போச்சு, பிள்ளை தவழ்ந்த காலத்திலிருந்து தொடங்குவார்! கடிதமாக எழுதச் சொல், உறையில் போட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். எல்லோர் முன்னாலும் வாசித்தால் கூனிக்குறுகிப் போவான். தனியாக என்றால் படிப்பான், பத்திரப்படுத்தியும் வைப்பான்.

மொத்தமும் ஒரு மணி நேரத்துக்குள் முடியட்டும். எத்தனை பேர் விருது வாங்குகிறார்கள் என்று நீ எழுதவில்லை. பத்துப் பேருக்கு மேல் என்றால் விளக்கு ஏற்றுவதை எல்லோருக்கும் பொதுவாக ஒரே தடவை வைத்துக்கொள், பேட்ஜை மட்டும் தனித்தனியாகச் செய். தேதி முடிவானதும் சொல், ஒத்திகைக்கு முந்தின நாளே வந்துவிடுகிறேன். ஊசி குத்தக் கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு.

அன்புடன்,
உன் பழைய அணித்தோழன்