மட்டாஞ்சேரி செப்பேடும் நம்மூர் நடுகல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் என் பேரன் பள்ளிச் சுற்றுலாவில் கொச்சிக்குப் போய்வந்தான். மட்டாஞ்சேரியில் யூதர்களின் ஜெபக்கூடத்தைப் பார்த்தாயா என்று ஆசையாகக் கேட்டேன். "பூட்டியிருந்தது பாட்டி, வெளியே நின்று மணிக்கூண்டை மட்டும் பார்த்தோம்" என்றான். போனது சனிக்கிழமை. அது யூதர்களின் ஓய்வுநாள், அன்று பார்வையாளர்களை உள்ளே விடமாட்டார்கள். யாராவது முன்னாடியே ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். எனக்கு மனசே ஆறவில்லை.

காரணம், எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் ஒரு பட அஞ்சலட்டை. என் அப்பா தர்மபுரியில் ஒரு புளி மண்டியில் கணக்கெழுதினார். 1964-ல் வியாபார விஷயமாக மட்டாஞ்சேரிக்குப் போனவர், அங்கிருந்து அம்மாவுக்குப் போட்ட அட்டை அது. பழுப்பேறிய படத்தில் ஒரு குறுகலான தெரு, இருபுறமும் ஓட்டு வீடுகள், தெருக்கோடியில் மணிக்கூண்டு. ஒரு மூலையைக் கரையான் அரித்துவிட்டது. பின்பக்கம் அப்பாவின் பொடி எழுத்து: "புளி நல்ல விலைக்குப் போயிற்று. இது யூதர் கோயில். நம் கோயில் மாதிரியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தரையெல்லாம் சீனத்து ஓடு, கால் வைக்கவே கூச்சமாக இருந்தது."

கையால் வரைந்த நீல வேலைப்பாடு கொண்ட அந்த ஓடுகள் 18-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்தவை. ஜெபக்கூடம் அதைவிடப் பழையது, 1568-ல் கட்டியது. கொச்சி அரசர் தன் அரண்மனையை ஒட்டியே அதற்கு இடம் கொடுத்தார். பக்கத்திலேயே பகவதி கோயில். 1968-ல் நானூறாம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தியே வந்தார், அஞ்சல்தலையும் வெளியிட்டார்கள்.

அப்பா பார்க்காத ஒன்றைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கி.பி. 1000-ஐ ஒட்டி, சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன் 'முயிரிக்கோட்டு இருந்தருளிய' நாளில், அதாவது இன்றைய கொடுங்கல்லூர்ப் பகுதியில் தங்கியிருந்தபோது, ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்குச் செப்பேடு எழுதிக் கொடுத்தார். அந்தச் செப்பேட்டைக் கொச்சி யூதர்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தார்கள். 2017-ல் நம் பிரதமர் இஸ்ரேலுக்குப் போனபோது பரிசாகக் கொடுத்தது அதன் நகலைத்தான். எபிரேயத்தில் இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, அது தமிழை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்தான வட்டெழுத்து! மலையாளம் தனியாகப் பிரிந்துகொண்டிருந்த காலத்து மொழி. பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காகளம், தோரணம் என்று அந்த வணிகருக்குக் கொடுத்த உரிமைகள் வரிசையாக வருகின்றன. பாவாடை என்றால் நடந்து வர விரிக்கும் துணி, அந்தோளகம் பல்லக்கு, காகளம் ஊதுகொம்பு. மற்றதற்கு நம் பிள்ளைகளுக்கு அகராதி வேண்டாம்.

வட்டெழுத்து நம் மாவட்டத்துக்குப் புதிதா என்ன? ஊர் மாடுகளைக் கவர வந்தவர்களோடு மோதி இறந்த வீரனுக்கு நட்ட நடுகல்லில் இருப்பதும் அதே எழுத்துதானே. தமிழாசிரியையாக இருந்த காலத்தில் ஆண்டுதோறும் மாணவர்களைத் தர்மபுரி அகழ்வைப்பகத்துக்கு அழைத்துப் போவேன். கல்லில் வில்லோடு நிற்கும் வீரனைப் பார்த்ததும் சத்தம் போடுவார்கள். அப்புறம் எழுத்தைக் காட்டினால் அமைதியாகிவிடுவார்கள். "டீச்சர், இது 'க' தானே?" என்று யாராவது ஒருவன் கண்டுபிடித்ததும் மற்றவர்களும் கல்லை விட்டு நகர மாட்டார்கள். பிற்கால வட்டெழுத்தில் 'ப'வும் 'வ'வும் ஒன்றுபோல இருக்கும், அதில் பெரியவர்களே தடுமாறுவார்கள். நடுகல்லைப் பார்த்துப் பழகிய பிள்ளை மட்டாஞ்சேரிக்குப் போனால், அந்தச் செப்பேட்டுக் கதை அவனுக்கு வேற்றூர்க் கதையாக இருக்காது.

எர்ணாகுளம் ரயில் தர்மபுரி வழியாகத்தான் போகிறது. கொச்சிக்குச் சுற்றுலா போகும் பள்ளிகள் சனிக்கிழமையைத் தவிர்த்து, யூதப் பண்டிகை நாளா என்றும் விசாரித்துக்கொண்டு, மட்டாஞ்சேரிக்கு நாள் குறிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை என்றால் காலையிலேயே போய்விடுவது நல்லது. கிளம்புவதற்கு முந்தைய வாரம் பிள்ளைகளை ஒரு மணி நேரம் அகழ்வைப்பகத்துக்கும் அழைத்துப் போங்கள். எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் அப்பாவின் அட்டையை எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
குமாரசாமிப்பேட்டை, தர்மபுரி.