குழி சிறியது, வெட்டும் இடம் ஏன் பெரியது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வீட்டு வாசல் தார்ப்பாதையிலோ வாகன நிறுத்தத்திலோ விழுந்த குழியைச் சரிசெய்யக் கேட்டால், எங்கள் மதிப்பீட்டில் குழியைவிடப் பெரிய பரப்புதான் எழுதியிருக்கும். 40 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள ஒரு குழிக்கு 80-க்கு 70 செ.மீ. வெட்ட வேண்டும் என்போம். பரப்பில் அது நான்கரை மடங்குக்கும் மேல். ஏன் என்று பலரும் கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

வாசல் பாதைகளில் தார்க்கலவை பெரும்பாலும் 5 முதல் 8 செ.மீ. கனம்தான் இருக்கும். வண்டியின் பாரத்தைக் கடைசியில் தாங்குவது அதற்குக் கீழே இறுக்கிப் போட்ட ஜல்லிப் படுகை. மேலே விரிசல் விட்டதும் அதன் வழியாக நீர் இறங்குகிறது. ஊறிய படுகைமேல் சக்கரம் ஏறும்போதெல்லாம் நீர் பிதுங்கி வெளியேறும். போகும்போது ஜல்லிக்கு இடையிலுள்ள பொடியையும் அரித்துக்கொண்டு போகும். அடியில் வெற்றிடம் உண்டானபின் தார்த்தளம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் வளைந்து கொடுத்து, முதலைத்தோல் போலக் கட்டம் கட்டமாக வெடிக்கிறது. அதில் ஒரு துண்டு பெயர்ந்து வருவதைத்தான் நாம் குழி என்கிறோம். உறைபனி விழும் இடங்களில் இன்னும் வேகம்: நீர் பனியாகும்போது கன அளவு சுமார் 9 விழுக்காடு கூடுவதால், விரிசல் ஒவ்வொரு இரவும் நெம்பித் திறக்கப்படுகிறது.

ஆக, குழி கண்ணுக்குத் தெரியும்போதே அதைச் சுற்றியுள்ள தளமும் அடியில் பிடிப்பை இழந்திருக்கும். ஓரத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும், பிடிப்பு விட்ட இடம் பொத்தென்று கேட்கும். அந்த ஓசை மாறும் கோட்டுக்கு வெளியே, நல்ல தளத்துக்குள் 15 முதல் 30 செ.மீ. வரை தள்ளித்தான் நாங்கள் கோடு போடுகிறோம். உடைந்த விளிம்போடு ஒட்டிக் கலவையைக் கொட்டினால் ஒட்டு நல்லதாகவே இருக்கும். அதைச் சுற்றியுள்ள பழைய தளம் அடுத்த மழையில் பெயரும்.

வெட்டு ரம்பத்தால், நேர்க்கோட்டில், செங்குத்தாக இருக்க வேண்டும். கடப்பாரையால் கொத்தினால் விளிம்பு சரிவாகிவிடும். சரிவின்மேல் கலவை மெல்லிய நாக்குபோல் நீளும். 2 செ.மீ.க்கும் குறைவான அந்தக் கனத்தில் இறுக்கம் கிடைக்காது, உதிர்வது அங்கேதான் தொடங்கும்.

வெட்டி எடுத்தபின் படுகையில் ஒரு கம்பியை ஊன்றிப் பார்ப்போம். கையழுத்தத்துக்கே இறங்கினால் அந்த ஜல்லியைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். எடுத்த சேற்றைத் திரும்பப் போடக் கூடாது. 40 மி.மீ. முதல் தூள்வரை எல்லா அளவும் கலந்த புது ஜல்லியை, 10 செ.மீ.க்கு மேற்படாத அடுக்குகளாகப் போட்டு இறுக்குகிறோம். ஈரம் பிடியளவு: கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. மேலே போடுவது எவ்வளவு உயர்ந்த கலவையாக இருந்தாலும் இந்த வேலையைத் தவிர்த்தால் பயனில்லை.

அடுத்தது ஒட்டுப்பூச்சு. நீர்த்த தார் எமல்ஷனை (நீரில் நுண்துளிகளாகக் கலந்த தார்) சதுர மீட்டருக்குச் சுமார் கால் கிலோ வீதம் அடியிலும், மறக்காமல் நான்கு சுவர்களிலும் பூச வேண்டும். மேலே சொன்ன அளவுக்கு 200 கிராமே போதும். பூசியதும் பழுப்பாக இருக்கும். நீர் பிரிந்து கறுப்பானபின்தான் கலவை போட வேண்டும். கூடுதலாக ஊற்றினால் ஒட்டுவதற்குப் பதில் வழுக்கும், வெயிலில் மேலே கசிந்து பளபளக்கும்.

கலவையில் இரண்டு வகை. சூடான கலவை சுமார் 140 முதல் 160 டிகிரி செல்சியஸில் வந்து சேரும். 85 டிகிரிக்குக் கீழே போனபின் எவ்வளவு இடித்தாலும் இறுகாது. மெல்லிய அடுக்கு காற்றடிக்கும்போது சில நிமிடங்களிலேயே ஆறிவிடும். அதனால்தான் லாரி வருவதற்கு முன்பே எல்லாக் குழிகளையும் வெட்டி, பூசி வைக்கிறோம். நிலையான வேலைக்கு எங்கள் தேர்வு இதுதான். மூட்டையில் வரும் குளிர் கலவை அவசரத்துக்கும், சூடான கலவை கிடைக்காத பருவத்துக்கும் ஏற்றது. சிறு குழியை நீங்களே அதைக்கொண்டு அடைக்கலாம். ஆனால் வெட்டுவதும் சுத்தம் செய்வதும் அதற்கும் பொருந்தும்.

அளவைக் கணக்கிடுவது எளிது. 80-க்கு 70 செ.மீ., ஆழம் 8 செ.மீ. என்றால் 0.045 கன மீட்டர். இறுகிய சூடான கலவை கன மீட்டருக்குச் சுமார் 2,300 கிலோ. எனவே 103 கிலோ வேண்டும். குளிர் கலவையை 2,000 கிலோ என்று கொண்டால் 90 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை நான்கு. பலர் ஒரு மூட்டை குறைத்தே வாங்குகிறார்கள். தளர்வாகக் கொட்டும்போது குழி நிறைந்ததுபோல் தெரிவதே காரணம். இறுக்கினால் ஐந்தில் ஒரு பங்கு அடங்கிவிடும். 5 செ.மீ. போட்டு 4 செ.மீ. ஆக்குங்கள், பிறகு இன்னொரு 5. முழு ஆழத்தையும் ஒரே தடவையில் நிரப்பித் திமிசு (இடித்து இறுக்கும் கட்டை) போட்டால் மேல்தோல் மட்டும் கெட்டியாகும், அடிப்பகுதி பொருபொருவென்றே இருக்கும்.

கலவையை உயரத்திலிருந்து வீச வேண்டாம். பெரிய கற்கள் உருண்டு ஓரம் சேர்ந்துவிடும். மண்வெட்டியால் கவிழ்த்து வையுங்கள். இறுக்குவதை ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வாருங்கள். முடிவில் சூடான கலவை தளத்தைவிட 3 மி.மீ., குளிர் கலவை 6 முதல் 10 மி.மீ. மேலே நிற்கலாம், சக்கரம் அதை அமர்த்திவிடும். தாழ்ந்து நின்றால் நீர் தேங்கும். புதுத் தளமும் பழைய தளமும் சேரும் கோட்டின்மேல் தார்ப்பூச்சை 5 முதல் 10 செ.மீ. பட்டையாக இழுத்து மணல் தூவினால் வேலை முடிந்தது.

சிமென்ட் கான்கிரீட்டால் அடைத்தால் நிலைக்குமே என்று கேட்கிறீர்கள். தார்த்தளம் வளையும், கான்கிரீட் வளையாது. இரண்டும் சேருமிடம் பிளந்து நீருக்கு வழிவிடும். தயவுசெய்து வேண்டாம். டீசல், எஞ்சின் ஆயில் சிந்திய இடங்களும் அப்படியே: எண்ணெய் தாரைக் கரைத்துவிடுவதால், மேலே எதுவும் ஒட்டாது. ஊறிய பகுதியை வெட்டித்தான் எடுக்க வேண்டும். மண்வெட்டியை டீசலில் கழுவுவோரும் அதைக் குழிக்குள் சொட்டவிடக் கூடாது.

சூடான கலவை கைபொறுக்கும் அளவுக்கு ஆறியபின் வண்டி விடலாம். குளிர் கலவைமேல் உடனே ஓட்டலாம். ஆனால் நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள். சில வாரங்களுக்கு அது தளத்தை முறுக்கிக் கிழிக்கும். இருசக்கர வண்டியின் பக்கத் தாங்கிக்கு அடியில் ஒரு பலகை வையுங்கள். மேற்பூச்சு அடிப்பதானால் குறைந்தது ஒரு மாதம் பொறுங்கள்.

மதிப்பீடு கேட்கும்போது குழியின் நீளம், அகலம், ஆழத்தோடு மழை நின்று ஒரு மணி நேரம் கழித்து எடுத்த படம் ஒன்றும் அனுப்புங்கள். நீர் எங்கே தேங்குகிறது என்பது அதில் தெரியும். மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வாட்டம் இல்லாத தளமானால், வாட்டத்தையும் சேர்த்தே மதிப்பிடுவோம். குழி விழாமல் விரிசல் மட்டும் இருந்தால் உடனே சொல்லுங்கள். 6 மி.மீ.க்கு மேல் அகன்ற தனி விரிசல்களை ரப்பர் கலந்த தாரால் அடைப்பது மிகச் சிறிய வேலை. முதலைத்தோல் விரிசலுக்கு மட்டும் அது உதவாது, அங்கே படுகைவரை தோண்டத்தான் வேண்டும்.

இப்படிக்கு,
தார்த்தளப் பழுதுபார்ப்புக் குழுவினர்